சுவரில் இருக்க வேண்டிய இன்னொரு சான்றிதழ்

ஸ்கேன் எடுக்கும் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஒரு பலகை கண்ணில் படும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, சொல்வது சட்டப்படி குற்றம் என்று அதில் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்தப் பலகை என்ன சொல்கிறது என்று தெரியும். பெண் சிசுக்களைக் கொன்ற மண் இது. அந்தப் பலகை வேண்டியதுதான்.

ஆனால் கருக்கலைப்பு செய்யும் தனியார் மருத்துவமனையின் சுவரில் இன்னொரு தாளும் இருந்தாக வேண்டும். கருக்கலைப்பு செய்ய இந்த இடம் தகுதியானது என்று மாவட்டக் குழு கொடுக்கும் ஒப்புதல் சான்றிதழ் அது. உள்ளே வருகிற எல்லோருக்கும் தெரியும்படி அதை மாட்டி வைக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்பு விதிகள் சொல்கின்றன. இந்தச் சான்றிதழைப் பற்றி நம் காலனிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதல் பலகையை மட்டும் பார்த்துப் பழகியதால், கருக்கலைப்பு என்றாலே சட்டவிரோதம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் தடுப்பது பாலினம் பார்த்துக் கலைப்பதை. கருக்கலைப்பை அது நிபந்தனைகளோடு அனுமதித்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இது தெரியாததால் பயம் வருகிறது. பயத்தோடு போகிற பெண் முன்வாசல் வழியாகப் போவதில்லை. பின்வாசலில் சான்றிதழ் இருக்காது, படித்த மருத்துவர் இருக்கமாட்டார், ஆபத்து வந்தால் ஏற்றிப் போக வண்டியும் இருக்காது.

கருக்கலைப்பு சரியா தவறா என்று வீட்டுத் திண்ணையில் வாதம் செய்யலாம். அந்த வாதம் முடியும்வரை நாள் காத்திருக்காது. நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: உயிருக்கு ஆபத்தில்லாமல், மானத்துக்குக் குறைவில்லாமல் எங்கே போவது? அதற்கான பதிலில் பாதி சட்டத்திலேயே இருக்கிறது. மீதிப் பாதியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டம் தருவது என்ன?

வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில், தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் வேறு எதற்காகக் கருவைக் கலைத்தாலும் குற்றம். கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை உண்டு. அந்தப் பிரிவு புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மறைவாகக் கலைத்துக்கொண்டு பெண்கள் செத்துக்கொண்டிருந்ததை ஆராய 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையை ஒட்டி 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 1972 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் 2021இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது.

இன்றைய நிலை இது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். வாரத்தைக் கடைசியாகத் தீட்டான முதல் நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். பெண்ணின் உயிருக்கு ஆபத்து, உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் பாதிப்பு, கருவில் பெரிய குறைபாடு ஆகியவை சட்டம் ஏற்கும் காரணங்கள். பாலியல் வன்கொடுமையால் வந்த கருவும், கருத்தடை முறை பலிக்காமல் தரித்த கருவும் மனநலத்துக்குக் கடும் பாதிப்பு என்றே கொள்ளப்படும். முன்பு இந்தக் கடைசிக் காரணம் ‘திருமணமான பெண்ணும் கணவனும்’ என்று எழுதப்பட்டிருந்தது. இப்போது ‘பெண்ணும் அவருடைய இணையரும்’ என்று மாறியிருக்கிறது.

20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். வன்கொடுமைக்கு ஆளானவர்கள், 18 வயது நிறையாதவர்கள், கர்ப்பமாக இருக்கும்போது கணவனை இழந்தவர்கள் அல்லது மணவிலக்குப் பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநோய் உள்ளவர்கள், பேரிடரில் சிக்கியவர்கள் எனச் சில பிரிவினருக்கு இந்த வாய்ப்பு உண்டு. கருவில் பெரிய குறைபாடு என்றாலும் உண்டு. திருமணமாகாத பெண்ணையும் இதிலிருந்து விலக்க முடியாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 24 வாரத்துக்குப் பிறகு, கருவில் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் மட்டுமே வழி. தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும் என்றால் வாரக் கணக்கும் இல்லை, இடக் கணக்கும் இல்லை.

மாணவிகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய கையெழுத்து மட்டும் போதும். கணவன் கையெழுத்தையோ அப்பா, அண்ணன் கையெழுத்தையோ சட்டம் கேட்கவில்லை. 18 வயதுக்குக் கீழே இருந்தாலோ, மனநோய் இருந்தாலோதான் பாதுகாவலர் கையெழுத்து. பெண்ணின் பெயரை, விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத எவரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் முடிவெடுக்கும் உரிமையை முழுதாகப் பெண்ணின் கையில் கொடுத்துவிடவில்லை. மருத்துவர் ‘சரி’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ‘சரி’ யாருக்குச் சுலபமாகக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதில்தான் சாதியும் காசும் புகுந்துவிடுகின்றன.

இடம் எப்படி இருக்க வேண்டும்?

அரசு மருத்துவமனைக்குத் தனி ஒப்புதல் தேவையில்லை. பயிற்சி பெற்ற மருத்துவரும் வசதியும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடக்க வாரக் கருக்கலைப்பு செய்யலாம். அங்கே கட்டணமும் இல்லை. தனியார் இடம் என்றால் மாவட்டக் குழுவிடம் விண்ணப்பித்து, ஆய்வு முடிந்து, சான்றிதழ் வாங்கிய பிறகுதான் செய்யலாம்.

முதல் 12 வாரத்துக்கான இடத்தில் இருக்க வேண்டியவற்றை விதிகள் வரிசையாகச் சொல்கின்றன. பரிசோதனை அல்லது பிரசவ மேசை, மூச்சோ இதயமோ நின்றால் மீட்கும் கருவிகள், கருவிகளைக் கிருமி நீக்கும் வசதி, மருந்துகள், நரம்பு வழி ஏற்றும் திரவங்கள், அதிர்ச்சி நிலைக்குச் சிகிச்சை தரும் மாற்று ஏற்பாடு, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வாகன வசதி. 12 வாரத்தைத் தாண்டினால் வயிற்று அறுவைச் சிகிச்சைக்கான மேசையும் கருவிகளும், மயக்க மருந்து தரும் கருவியும் கூடுதலாக வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒன்றும் வீண் இல்லை. கிருமி நீக்காத கருவி உள்ளே போனால் கருப்பையில் சீழ் பிடிக்கும். அது இரத்தத்தில் கலந்தால் உயிர் போகும், பிழைத்தாலும் பிறகு பிள்ளை தரிக்காமல் போகலாம். இரத்தம் நிற்காமல் போனால் சில மணி நேரத்தில் பெண் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவாள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. களத்தில் குனிந்து வேலை செய்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிற பெண்ணின் உடம்பில் இழப்பதற்கு இரத்தம் ஏது? இழப்பு கொஞ்சமாக இருந்தாலும் அவளுக்கு அது பெரிய இழப்பு. வாசலில் வண்டி நிற்க வேண்டும் என்று விதி எழுதியவர்கள் இப்படிப்பட்ட உடம்புகளுக்காகத்தான் எழுதினார்கள்.

யார் செய்யலாம் என்பதற்கும் வரையறை உண்டு. மகப்பேறு மருத்துவத்தில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்களும், உரிய அனுபவமும் பயிற்சியும் உள்ள எம்.பி.பி.எஸ். மருத்துவர்களும் செய்யலாம். 12 வாரம் வரை செய்ய விரும்பும் எம்.பி.பி.எஸ். மருத்துவர், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் 25 கருக்கலைப்புகளில் உதவியாளராக இருந்து, அவற்றில் குறைந்தது 5 பேருக்குத் தாமே செய்திருக்க வேண்டும். கம்பவுண்டராக இருந்து ‘டாக்டர்’ ஆனவர்களும், வீட்டில் வைத்துச் செய்யும் ‘நர்ஸம்மா’க்களும் இதில் வரமாட்டார்கள். தகுதி இல்லாதவர் செய்தாலும், அங்கீகாரம் இல்லாத இடத்தில் செய்தாலும் 2 முதல் 7 ஆண்டுவரை கடுங்காவல். இடத்தின் உரிமையாளருக்கும் அதே தண்டனைதான்.

முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் ‘கழுவி விடுறது’, ‘கிளீன் பண்றது’ என்று சொல்வார்கள். கூரான கரண்டி போன்ற கருவியால் கருப்பையைச் சுரண்டும் பழைய டி அண்ட் சி முறையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லி வருகிறது. அதற்குப் பதில் கையால் இயக்கும் உறிஞ்சு கருவி இருக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம், சிறிய மருத்துவமனையில்கூட வைத்துக்கொள்ளலாம். ‘எந்த முறையில் செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்க எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு.

மாத்திரையும் மருந்துக்கடையும்

இன்று கருக்கலைப்பு என்பது பெரும்பாலும் மாத்திரை. 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆய்வு நடந்த 6 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதன்படி மருத்துவமனைகளில் நடந்தவை 22 சதவீதம். மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை 73 சதவீதம். மீதி 5 சதவீதம், அதாவது சுமார் 8 லட்சம் பெண்கள், வேறு வழிகளில், பெரும்பாலும் ஆபத்தான வழிகளில் கலைத்துக்கொண்டவர்கள். எருக்கங்குச்சியின் காலம் முற்றாக முடிந்துவிடவில்லை.

மாத்திரை மோசமான பொருள் அல்ல. எருக்கங்குச்சியோடு ஒப்பிட்டால் அது பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. 9 வாரம் வரை மாத்திரையால் கலைக்க 2021 விதிகள் இடம் தருகின்றன. தகுதியுள்ள மருத்துவர் தம் கிளினிக்கிலேயே அதை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஆபத்து வந்தால் அனுப்ப அங்கீகரிக்கப்பட்ட இடத்தோடு அவருக்குத் தொடர்பு இருக்க வேண்டும். அந்த இடத்தின் உரிமையாளர் தரும் சான்றையும் கிளினிக்கில் மாட்டியிருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது? யார் யாரோ கைமாற்றிக் கொடுக்கும் மாத்திரையை, எத்தனை வாரம் என்று பார்க்காமல் விழுங்கும்போது வருகிறது. கரு கருப்பைக்குள் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் மாத்திரையால் அது வெளியே வராது. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டும், வெளியே தெரியாது. அதனால்தான் முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறோம்.

மாத்திரை சாப்பிட்ட பிறகோ, மருத்துவமனையில் செய்த பிறகோ சில அறிகுறிகள் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைதல், ஒரு நாளைத் தாண்டியும் விடாத காய்ச்சல், தாங்க முடியாத வயிற்றுவலி, நாற்றத்தோடு நீர் போதல், தலை சுற்றி மயங்குதல் ஆகியவை அவை. 108ஐக் கூப்பிட வேண்டும். என்ன சாப்பிட்டோம், எப்போது சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். உயிருக்குப் போராடி வருகிறவருக்கு முதலில் சிகிச்சை தருவது அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் எல்லா மருத்துவர்களின் கடமை என்று 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காலனிப் பெண் ஏன் போவதில்லை?

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசம். பிறகு ஏன் நம் பெண்கள் பின்வாசலுக்குப் போகிறார்கள்? அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் பெண்களோடு உட்கார்ந்து பேசினால் வேறு கணக்குகள் வெளியே வருகின்றன.

முதல் கணக்கு கூலி. இன்று போனால் நாளைக்கு வா என்பார்கள், நாளைக்குப் போனால் ஸ்கேன் எடுத்து வா என்பார்கள். மூன்று நாள் அலைந்தால் மூன்று நாள் கூலி போச்சு, பஸ் செலவு தனி. இரண்டாவது கணக்கு ரகசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றால் ஊரே பார்க்கும். காலனிக்காரி என்றால் பேச்சு இன்னும் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றும். மூன்றாவது கணக்கு வாய்ச்சொல். ‘அப்போ தெரியலையா?’, ‘உங்க ஆளுங்களுக்கு இதே வேலை’ என்று ஊழியர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டால், அந்தப் பெண் இரத்தம் போய்ச் சாகக் கிடந்தாலும் அந்தப் படியை மிதிக்க யோசிப்பாள்.

நான்காவது கணக்கு மிகக் கொடியது. ‘குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு சொல்லு, கலைச்சு விடுறோம்’ என்ற நிபந்தனை. இல்லாவிட்டால் காப்பர் டி. சட்டத்தில் இப்படி ஒரு நிபந்தனை இல்லவே இல்லை. கருத்தடை முறைகளை எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை. தேர்வு செய்வது பெண்ணின் உரிமை. இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டுக் கட்டுவது மிரட்டல். இந்த நிபந்தனை நிலம் உள்ளவர் வீட்டுப் பெண்ணிடம் எத்தனை முறை வைக்கப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

செங்கல்பட்டு வட்டாரக் கிராமங்களில் 1981இல் 13 பெண்கள் சேர்ந்து கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் 12 பேர் தலித் பெண்கள். பெண்களின் உடல்நலத்தை அவர்கள் வாயாலேயே பேச வைத்த அமைப்பு அது. அதன் நிறுவனர்களில் ஒருவரான டி.கே. சுந்தரி ரவீந்திரனும் பி. பாலசுப்ரமணியனும் எழுதி 2004இல் வெளிவந்த ஆய்வு ஒரு முரணைச் சுட்டியது. கிராமத்துத் திருமணமான பெண்களுக்குக் கருக்கலைப்பு கிடைக்கிறது, ஆனால் வேண்டாம் என்று கணவனிடம் சொல்லும் உரிமை கிடைப்பதில்லை. ‘அப்போ தெரியலையா?’ என்று அந்தப் பெண்ணிடம் கேட்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்தும் மறுக்க முடியாத வீடு அது.

பெரியாரும் இதைத்தான் பேசினார். கர்ப்பத்தடையை மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் ஆதரித்தபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காக ஆதரித்தார். அண்ணல் அம்பேத்கர் தயாரித்த கருத்தடை ஆதரவுத் தீர்மானம் 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் பி.ஜே. ரோஹம் மூலம் கொண்டுவரப்பட்டது. அன்று அது தோற்றது. ஆனால் பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது அரசியல் கேள்வி என்பதை நம் தலைவர்கள் அன்றே பதிவு செய்துவிட்டார்கள்.

தரம் இல்லாத இடத்தில் யார் சாகிறார்கள்?

சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே 2014 நவம்பரில் நடந்ததை மறக்க முடியாது. பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டடத்தில் கருத்தடை அறுவைச் சிகிச்சை முகாம் நடத்தினார்கள். ஒரே மருத்துவர், சில மணி நேரத்தில், 83 பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 13 பெண்கள் இறந்தார்கள். ஏழைகள், தலித்துகள், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டவர்கள் வீட்டுப் பெண்கள் அவர்கள். ஒரு மருத்துவர் ஒரு நாளில் இத்தனை பேருக்குத்தான் செய்யலாம் என்று அரசே எழுதிய வரையறை இருந்தது. அது காகிதத்தில் இருந்தது. 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், இப்படிப்பட்ட முகாம்களை 3 ஆண்டுக்குள் நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அது கருத்தடை முகாம், கருக்கலைப்பு மையம் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். விதி இருப்பது வேறு, அதை யாராவது கேட்பது வேறு. கேட்க மாட்டார்கள் என்று நினைக்கும் இடத்தில்தான் விதி முதலில் கைவிடப்படுகிறது.

நம் சிறுமிகளின் விஷயத்தில் இது இன்னொரு வடிவம் எடுக்கிறது. ஆதிக்க சாதி ஆணின் வன்கொடுமையால் தலித் சிறுமி கருவுற்றால், பேச்சுவார்த்தை என்ற பெயரில் ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். ‘சத்தமில்லாமல் கலைத்துவிடலாம், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பார்கள். அவர்கள் கூட்டிப்போகும் இடத்தில் பதிவேடு இருக்காது. சிறுமியின் உயிரோடு சேர்த்துச் சாட்சியமும் அங்கே ஆபத்துக்குள்ளாகிறது. அரசு மருத்துவமனையில் செய்தால் கருவின் திசுவை எடுத்துப் பாதுகாத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்ப முடியும். போக்சோ வழக்கிலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கிலும் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் வலுவான சான்று அது.

அதே சமயம், காதலித்துக் கருவுற்ற 17 வயதுப் பெண், போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்கே வராமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் மருத்துவர் தகவல் தர வேண்டும் என்பது போக்சோ சட்டம். சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்காகத் தரும் அந்தத் தகவலில் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 தீர்ப்பு சொல்கிறது. பெண் பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தரம் பூட்டாகவும் மாறலாம்

தரம் வேண்டும் என்று கேட்கும்போது ஒரு எச்சரிக்கையும் தேவை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2013இல் ஒரு சட்டம் வந்தது. கருக்கலைப்பு மையங்கள் அறுவைச் சிகிச்சை மையங்களுக்கு உரிய கட்டட வசதிகளோடு இருக்க வேண்டும், மருத்துவருக்கு 30 மைல் சுற்றளவில் உள்ள மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் உரிமை இருக்க வேண்டும் என்றது. பெண்களின் பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். சுமார் 40 ஆக இருந்த மையங்கள் பாதியாகக் குறைந்தன. சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்திருந்தால் ஏழெட்டுதான் மிஞ்சியிருக்கும். பாதுகாப்பு கூடியதற்குச் சான்று இல்லை, பெண்களின் பாதையில் தடைதான் கூடியது என்று கண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2016இல் அந்த இரண்டு பிரிவுகளையும் ரத்து செய்தது. பிறகு 2022இல் அதே நீதிமன்றம் கருக்கலைப்பு அரசியலமைப்பு உரிமையே அல்ல என்று சொல்லிவிட்டது வேறு கதை.

நம் ஊரில் இப்படிப் பெரிய சட்டம் போட வேண்டியதில்லை. ‘புருஷனைக் கூட்டிட்டு வா’, ‘கோர்ட் ஆர்டர் கொண்டு வா’ என்று கவுண்டரில் இருப்பவர் சொன்னாலே கதவு மூடிவிடும். ஒரு வாரம் தள்ளிப்போனால் மாத்திரையில் முடிய வேண்டியது கருவிக்குப் போகும், கருவியில் முடிய வேண்டியது அறுவைச் சிகிச்சைக்குப் போகும். தேவையில்லாத ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பெண்ணின் ஆபத்தைக் கூட்டுகிறது. எனவே நாம் கேட்கும் தரத்தில் கிருமி நீக்கிய கருவியும் இருக்க வேண்டும், பக்கத்தில் மையமும் இருக்க வேண்டும், மரியாதையான பேச்சும் இருக்க வேண்டும்.

மாவட்டக் குழுவில் நம் இருக்கை

தனியார் இடங்களுக்கு ஒப்புதல் தரும் மாவட்டக் குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருப்பதில்லை. மாவட்டத்தின் தலைமை மருத்துவ அதிகாரி தலைவராக இருக்கும் அந்தக் குழுவில் 3 முதல் 5 பேர். உள்ளூர் மருத்துவர்களோடு, தொண்டு நிறுவனங்களிலிருந்தும் பஞ்சாயத்து அமைப்புகளிலிருந்தும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பதவிக்காலம் 2 ஆண்டு.

தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. அதில் தலித் பெண்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. நம் பஞ்சாயத்துப் பெண்கள் இந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார்களா? நம் மாவட்டக் குழுவில் பஞ்சாயத்து உறுப்பினர் யார்? இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய போராட்டம் தேவையில்லை. மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் நான்கு கேள்விகள் கேட்கலாம். மாவட்டத்தில் ஒப்புதல் பெற்ற இடங்கள் எவை? எந்தெந்த ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்கிறார்? குழு உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடினார்கள்? எத்தனை இடங்களை ஆய்வு செய்தார்கள்? எந்தப் பெண்ணின் விவரத்தையும் கேட்கக் கூடாது, கேட்கவும் தேவையில்லை.

கல்லூரி மாணவர்கள் இந்த வேலையை எடுத்துச் செய்யலாம். கிடைக்கும் பட்டியலை மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டலாம். பட்டியலில் இல்லாத இடம் தொழில் நடத்தினால் அதே அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற மருத்துவரும் உறிஞ்சு கருவியும் வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடலாம். குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் போடுகிற சபையில் இதைப் பேச வெட்கப்பட ஒன்றுமில்லை. சந்தேகம் கேட்க 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. துன்பத்தில் இருக்கும் பெண்ணுக்கு 181 இருக்கிறது.

2001–03 ஆண்டுகளின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பேறுகால மரணங்களில் 8 சதவீதத்துக்குக் கருக்கலைப்பு காரணம். சட்டம் வந்து 30 ஆண்டுக்குப் பிறகு வந்த கணக்கு அது. உரிய இடத்தில், உரிய கையால் நடந்திருந்தால் அந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம். அடுத்த கிராம சபைக்குப் போகும் நம் பெண்கள், கையில் ஒரு தாளில் இந்தத் தீர்மானத்தை எழுதிக்கொண்டு போகட்டும். எழுதிக் கொடுக்க நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.